பின்பலகை உக்கிய பழைய பைபர் போட்: திருத்தலாமா, கைவிடலாமா?

நாவலடிக் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 19 அடி நீளமான பைபர் போட் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எங்கள் ஊருக்குள் வந்தபோது அப்பாவின் தோணியும் வலைகளும் போய்விட்டன. அதற்கு அடுத்த ஆண்டு நிவாரணமாகக் கிடைத்த இந்தப் போட்டில்தான் அவர் மீண்டும் தொழிலுக்குப் போனார், நானும் இதில்தான் தொழில் பழகினேன். அதனால் இதை இலகுவில் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வருடங்களாகப் போட்டின் பாரம் கூடிக்கொண்டே வருகிறது. முன்பு ஆறு பேர் சேர்ந்தால் கரையில் ஏற்றிவிடுவோம். இப்போது ஒன்பது, பத்துப் பேர் தேவைப்படுகிறார்கள். 15 குதிரைவலு இஞ்சினை வேகமாக்கும்போது, அது பூட்டியிருக்கும் பின்பலகை அசைவதைக் கண்ணாலேயே காண முடிகிறது. இஞ்சின் போல்ட்டின் கீழ்த் துளையிலிருந்து, போட் கரையில் நிற்கும் நாட்களிலும், தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் கசிகிறது. போன வருடம் வெளிப்பக்கத்தில் தெரிந்த வெடிப்பின் மேல் ஒருவரைக் கொண்டு இரண்டு மெட் (கண்ணாடிநார் விரிப்பு) ஒட்டுவித்தோம். இந்த வருடம் அதற்கு நான்கு விரல் தள்ளிப் புதிய வெடிப்பு வந்திருக்கிறது. மாரி தொடங்குவதற்கு முன் இதைத் திருத்தி முடிக்கலாமா, அல்லது இந்தப் போட்டுக்கு இனிச் செலவழிப்பது வீணா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மாளிகைக்காட்டு ஓடாவி எழுதியது:

தம்பி, போட்டைப் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. ஆனாலும் நீங்கள் எழுதிய மூன்று குறிகளும், அதாவது பாரம், அசைவு, கபில நிறத் தண்ணீர் ஆகியவை, பின்பலகைக்குள் இருக்கும் பிளைவுட் உக்கிவிட்டது என்பதையே காட்டுகின்றன. பைபர் உக்காது, இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவில் அடைபட்டிருக்கும் மரம்தான் உக்குகிறது. மரம் கூழாகிப் போனபின் அந்தத் தோல்கள் தனித்தனியாக வளையத் தொடங்கும். வெடிப்பு அந்த வளைவினால் வருவது. எனவே வெடிப்பின் மேல் எத்தனை மெட் ஒட்டினாலும் அடுத்த வெடிப்பு அதன் ஓரத்தில்தான் வரும்.

முதலில் இஞ்சினைப் பொருத்தி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்பலகையின் மேல் மூலைகள் இரண்டும் அசைகின்றனவா என்பதை இன்னொருவர் கவனிக்கட்டும். அடுத்து, சுத்தியலின் மரப்பிடியால் பலகை முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டி, கணீரென்று கேட்கும் இடத்தையும் மந்தமாகக் கேட்கும் இடத்தையும் சோக்கட்டியால் குறியுங்கள். கடைசியாக, உட்பக்கத்திலிருந்து 5 மில்லிமீற்றர் ட்ரில்லால், வெளித்தோலைத் தொடாமல், ஐந்தாறு இடங்களில் துளைத்து வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர் நிறமாகவும் உலர்ந்தும் இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுத்து, பிசைந்தால் கையில் ஒட்டினால், அந்த இடம் போய்விட்டது. தூளின் நிறத்தை ஒவ்வொரு துளைக்கும் எழுதி வையுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அந்தக் குறிப்புத்தான் சொல்லும்.

நாவலடிக் கரை எழுதியது:

ஓடாவியார் சொன்னபடி செய்து பார்த்தேன். எட்டுத் துளைகளில் ஆறில் கறுத்த ஈரத்தூள்தான் வந்தது. ஒன்றில் தூளுக்குப் பதிலாகத் தண்ணீரே வடிந்தது. மேல் மூலைகள் இரண்டும் அசைகின்றன. இடது பக்கத்து மேல் ஓரம் மட்டும் உலர்ந்திருக்கிறது. போட்டின் நடுவே குறுக்காக உள்ள இருக்கைப் பெட்டியையும் தட்டிப் பார்த்தேன். அதற்குள்ளும் தண்ணீர் இருப்பதுபோல் சத்தம் கேட்கிறது.

திருக்கோவில் கடலோடி எழுதியது:

எங்கள் பக்கத்தில் சிலர் வேறு விதமாகச் செய்கிறார்கள். மேலிருந்து வரிசையாகத் துளைகள் இட்டு, ஒரு வாரம் வெயிலில் காயவைத்து, ரெசினை (ஊற்றியபின் இறுகும் பிசினை) ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். மூன்று நாளில் வேலை முடிந்துவிடும். பலகையை மாற்றத்தான் வேண்டும் என்றால், பிளைவுட்டை விட ஒரே துண்டான வைரம் பாய்ந்த பலகை நல்லது அல்லவா? எங்கள் தகப்பன்மார் காலத்துத் தோணிகளில் பிளைவுட்டே இருக்கவில்லை. அவை எத்தனையோ மாரிகளைக் கண்டன.

மாளிகைக்காட்டு ஓடாவி எழுதியது:

கடலோடி அண்ணன் சொல்லும் இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் பொறுமையாகப் பதில் எழுதுகிறேன்.

ஊற்றும் ரெசின் ஈர மரத்துக்குள் இறங்காது. தண்ணீர் இருக்கும் இடத்தை விட்டு வெற்றிடத்தில் மட்டும் போய்க் கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிகளைச் சுற்றி உக்கல் தொடர்ந்து பரவும். அதோடு, நாரில்லாத வெறும் ரெசின் கண்ணாடியைப் போல நொறுங்குவது; இஞ்சினின் உந்தலைத் தாங்கும் வலு அதற்கு இல்லை. அப்படிச் செய்த போட் ஒன்று அடுத்த மாரிக்குள்ளேயே என்னிடம் திரும்பி வந்தது. அதன் பிறகு அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

ஒரே துண்டுப் பலகை தோணிக்குப் பொருத்தமானது, ஏனென்றால் தோணியின் மரம் வெளியே திறந்திருந்து, ஈரத்தில் ஊதவும் வெயிலில் சுருங்கவும் இடமிருக்கிறது. பைபருக்குள் அடைத்த பலகைக்கு அந்த இடம் இல்லை. நாருக்குக் குறுக்காக அது ஊதும்போது பைபர் தோலோடு இருந்த பிடிப்பு விட்டுப்போகும். பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அந்த ஊதல் மிகக் குறைவு. ஆனால் வீட்டுக் கூரைத் தட்டுக்கு விற்கும் பிளைவுட்டை வாங்கக் கூடாது. கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மெரைன் பிளைவுட்டே வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு சிறு துண்டை வாங்கி, சில மணிநேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெயிலில் காயவிட்டுப் பாருங்கள். அடுக்குப் பிரிந்தால் அது நமக்கு ஆகாது.

இங்கே எல்லோரும் தவறாக நினைக்கும் ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். கடல் தண்ணீர்தான் போட்டை உக்கவைக்கிறது என்பார்கள். உப்பு, உக்கல் பூஞ்சணத்துக்கு உகந்ததல்ல. மழைத் தண்ணீரே அதற்கு வேண்டியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நாள்தோறும் கடலில் ஓடும் போட்டை விட, ஐப்பசி தொடங்கித் தை வரை கரையில் கிடந்து, அணியம் (முன்பக்கம்) தாழ்ந்தோ பின்பக்கம் தாழ்ந்தோ மழைநீரை ஏந்திக்கொண்டு நிற்கும் போட்தான் விரைவாக உக்குகிறது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் வளராது. அதற்கு மேல் ஏறி, காற்றும் சூடும் சேர்ந்தால், நமது பகுதியில் ஒரே மாரியில் அரைப் பலகை போய்விடும். தம்பியின் போட்டில் தண்ணீர் நுழைந்த வழி பெரும்பாலும் அந்தக் கீழ்ப் போல்ட் துளையாகத்தான் இருக்கும். துளையிட்டவர்கள் அதன் உள்விளிம்பில் ரெசின் பூசாமல் போல்ட்டை நேராக மரத்தில் முடுக்கியிருப்பார்கள். நிவாரணக் காலத்தில் அவசரமாகக் கட்டிய போட்கள் பலவற்றில் இந்தக் குறையைக் கண்டிருக்கிறேன்.

போட் திருத்தத்தக்கதுதான். பின்பலகை முழுவதையும் உட்பக்கத்தால் திறந்து மாற்றுங்கள். வெளித்தோல் அப்படியே இருக்கட்டும்.

பேத்தாழைத் தொழிலாளி எழுதியது:

வாழைச்சேனையில் பதினோரு வருடம் பைபர் வேலை செய்தவன் என்ற முறையில் ரெசினைப் பற்றிச் சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

நமது கடைகளில் வாளியில் கிடைப்பது பொலியெஸ்டர் ரெசின். புதிய போட் வார்க்கும்போது ஒவ்வொரு மெட்டும் அதற்கு முந்தியது முழுமையாக இறுகுவதற்குள் போடப்படுவதால் எல்லாம் ஒன்றாகிவிடும். இருபது வருடம் இறுகிய பழைய பைபரிலும் மரத்திலும் அது அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. எபொக்சி என்ற மற்ற வகை ரெசின் இரண்டிலும் மிக நன்றாகப் பிடிக்கும். ஆகவே பலகையை ஒட்டுவதற்கும் துளைகளை அடைப்பதற்குமாவது எபொக்சியைப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து. விலை பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் இந்த வேலைக்குத் தேவைப்படும் அளவு சில கிலோதான்.

எபொக்சியைத் தேர்ந்தால் சில கவனங்கள் வேண்டும். டின்னில் எழுதிய விகிதத்தைத் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். விரைவாக இறுகட்டும் என்று ஹார்ட்னரை (இறுகவைக்கும் பாகத்தை) கூட்டினால் அது இறுகாமலே போகும். சாதாரண வெட்டுநார் மெட்டைப் பிணைத்திருக்கும் பசை பொலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவத்தில் கரைவதற்காகச் செய்யப்பட்டது. எபொக்சியில் அது கரையாமல் விறைத்து நிற்பதால், எபொக்சிக்கு நெய்த துணியையே பயன்படுத்துங்கள். எபொக்சி இறுகியபின் அதன் மேல் பொலியெஸ்டர் பூசினால் ஒட்டாது என்பதால், தொடங்கியதைக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். நமது ஈரக்காற்றில் எபொக்சியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் வருவதுண்டு. அதைத் தண்ணீரால் கழுவித் துடைத்த பின்னரே அடுத்த பூச்சைப் பூச வேண்டும்.

மாளிகைக்காட்டு ஓடாவி எழுதியது:

பேத்தாழைத் தம்பி சொன்னது சரி என்றாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எபொக்சி வாங்க வசதியில்லை என்பதற்காக யாரும் வேலையைக் கைவிட வேண்டியதில்லை. பழைய பைபரைப் புதுநார் தெரியும்வரை தேய்த்து, மரத்தை நன்றாகக் காயவைத்து, முதல் பூச்சை ஐதாக்கி மரத்துக்குள் இறங்கவிட்டு, பலகைக்கும் வெளித்தோலுக்கும் நடுவில் ரெசினில் ஊறிய 450 கிராம் மெட் ஒன்றைப் படுக்கையாக வைத்து ஒட்டிய பொலியெஸ்டர் வேலைகள் பத்து வருடத்துக்கு மேல் நின்றிருக்கின்றன. ஈரமான மரத்தில் எந்த ரெசினும் நிற்காது.

பேத்தாழைத் தொழிலாளி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன், ஓடாவியார். ஆனால் துளைகளுக்கு எபொக்சியே வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. துளை என்பது கைப்பிடி அளவு வேலை, அதற்குக் கால் கிலோ போதும். தண்ணீர் நுழைந்த வழியும் அதுதான்.

பாலமீன்மடு வெளிச்சவீடு எழுதியது:

இருக்கைப் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் போட்டில் அதைத் திறந்தபோது, மிதப்பதற்காக வைத்த மஞ்சள் நுரை பஞ்சைப் போலத் தண்ணீர் குடித்திருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்று கணக்கிட்டால், தம்பியின் போட்டில் கூடிய பாரத்தில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கும். ஊறிய நுரை மிதவைக்கும் உதவாது, காயவும் காயாது. அதை எடுத்து எறியுங்கள். நான் அதற்குப் பதிலாக ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப்பலகை) வைத்து அதன் மேலே மெட் ஒட்டப் போனேன். பொலியெஸ்டர் ரெசின் பட்டவுடன் ரெஜிபோம் கரைந்து குழியாகிவிட்டது. பெற்றோல் பட்டாலும் அதே கதிதான். பிறகு மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்டிக் கான்களை அடுக்கி, மேற்பலகையைத் திருகாணியால் பூட்டினேன். வேண்டியபோது திறந்து பார்க்கலாம் என்பது அதன் நன்மை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எங்கள் போட் மட்டக்களப்பு வாவியில்தான் கட்டப்பட்டிருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் வந்திருக்கின்றன. ஒன்றைக் குத்தியபோது வினாகிரியைப் போல மணக்கும் தண்ணீர் தெறித்தது. அதுவும் உக்கலா?

பேத்தாழைத் தொழிலாளி எழுதியது:

அது உக்கல் அல்ல. வெளிப்பூச்சின் வழியே தண்ணீர் மிக மெதுவாக உட்புகுந்து, பொலியெஸ்டரில் கரையக்கூடியவற்றைக் கரைத்து அமிலமாகி, அந்த அமிலம் மேலும் தண்ணீரை இழுப்பதால் கொப்புளம் எழும்புகிறது. உப்பு நீரை விட நன்னீரிலும், குளிர்ந்த நீரை விடச் சூடான நீரிலும் இது விரைவாக நடக்கும். மாரியில் ஆறுகளின் வெள்ளம் வந்து நமது வாவியின் உவர்ப்புக் குறைந்துவிடுவதால், அந்த மாதங்களில் வாவியில் கட்டிக் கிடக்கும் போட்களில் கொப்புளம் கூடுதலாக வருவதைக் காண்கிறோம். கொப்புளங்களைத் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, வாரக்கணக்கில் காயவைத்து, எபொக்சியால் நிரப்புங்கள். வாகனத்தின் நெளிவுக்குப் பூசும் பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்த வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சும்.

நாவலடிக் கரை எழுதியது:

மூன்று வாரமாக எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். போட்டைத் திறந்துவிட்டோம்.

கிடுகுக் கொட்டில் ஒன்றை அடித்து, போட்டைச் சமமாகக் கட்டைகளில் ஏற்றினோம். பின்பலகையை எடுத்தால் இரு பக்கங்களும் விரிந்துவிடும் என்று அப்பா எச்சரித்ததால், வெட்டுவதற்கு முன்பே குறுக்காக ஒரு கட்டையைப் பூட்டினோம். பலகையின் வடிவத்தைக் கடதாசி மட்டையில் வரைந்து வைத்தோம். பின்னர் உட்தோலை ஓரங்களில் மூன்று விரல் விட்டு கிரைண்டரால் வெட்டி, வெட்டிரும்பால் நெம்பியபோது அது ஒரே துண்டாகக் கழன்று வந்தது. ஒட்டியிருக்க வேண்டிய மரம் அதில் ஒட்டியே இருக்கவில்லை. உள்ளே இருந்த பிளைவுட்டைக் கொட்டாப்புளியும் உளியும் இல்லாமல் கையாலேயே அள்ள முடிந்தது. அப்பா அதைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பலகையை நம்பியா இரவில் அவ்வளவு தூரம் போய்வந்தோம் என்று மட்டும் கேட்டார்.

கீழ்ப் போல்ட் துளையைச் சுற்றித்தான் உக்கல் மிகக் கடுமையாக இருந்தது. ஓடாவியார் சொன்னது முற்றிலும் சரி. இருக்கைப் பெட்டியிலிருந்த நுரையை அள்ளி நிறுத்துப் பார்த்தோம், 31 கிலோ.

இப்போது வெளித்தோலை நன்னீரால் கழுவிக் காயவிட்டிருக்கிறோம். காய்ந்துவிட்டதை எப்படி உறுதிசெய்வது?

மாளிகைக்காட்டு ஓடாவி எழுதியது:

கழுவியது நல்ல காரியம். உப்பு தங்கிவிட்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்ததைச் சோதிக்கக் கண்ணாடிப் பொலித்தீன் துண்டொன்றை உட்புறத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு பகலும் இரவும் விடுங்கள். உட்புறம் முத்துமுத்தாகப் பனித்தால் இன்னும் காயவில்லை. புதிய பிளைவுட்டையும் நம்பிவிட வேண்டாம். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, வெயிலில் வைத்து, நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றபின் வெட்டுங்கள். போட்டைப் படங்கால் இறுக மூடிவிடாமல், மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருக்கும்படி விடுங்கள்.

18 மில்லிமீற்றர்ப் பிளைவுட் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டினால் உங்கள் இஞ்சினுக்குப் போதும். ஓரத்தில் விட்ட பைபரைச் சரிவாகத் தேயுங்கள். தோலின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு சரிவின் அகலம் இருக்க வேண்டும், அதாவது 5 மில்லிமீற்றர்த் தோலுக்கு 60 மில்லிமீற்றர். பலகையின் உயரத்தைப் பழைய உயரத்துக்கே வையுங்கள், அது இஞ்சின் காலின் நீளத்தைப் பொறுத்தது. உயர்ந்தால் விசிறி காற்றை இழுக்கும், தாழ்ந்தால் அலை உள்ளே ஏறும். பலகையும் பக்கங்களும் சேரும் மூலையைக் கூராக விடாமல், தடிப்பாக்கிய ரெசினால் வளைவாக நிரப்பி, அதன் மேல் துணியை ஒன்றைவிட ஒன்று அகலமாகப் பக்கங்களுக்கு ஏற்றுங்கள். நார் கூர்மூலையில் வளையாது, அங்கே காற்று அடைபடும்.

பேத்தாழைத் தொழிலாளி எழுதியது:

வேலை தொடங்குமுன் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பொலியெஸ்டரோடு வேலை செய்பவர்கள், இறுகலை விரைவாக்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுமையாகக் கலக்கி, அதன் பின்னரே ஹார்ட்னரை விட வேண்டும். நமது வெயிலில் ஒரு கிலோ ரெசினுக்கு 10 கிராம் ஹார்ட்னர் போதுமானது. அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். மீந்த ரெசினை டின்னிலேயே விட்டால் அது கொதித்துப் புகையும், ஆகவே தட்டையாக மணலில் ஊற்றிவிடுங்கள். ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது. கிரைண்டர் பிடிப்பவர் சாதாரணத் துணியை முகத்தில் கட்டுவது போதாது, தூசுக்கான முகமூடி வேண்டும். சிறுபிள்ளைகளைக் கொட்டில் பக்கம் விடாதீர்கள்.

திருக்கோவில் கடலோடி எழுதியது:

நான் எழுதிய முறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரெசின் ஊற்றிய போட் ஒன்று இங்கே கரையில் நிற்கிறது. அதன் பின்பலகையை நேற்று ட்ரில்லால் துளைத்துப் பார்த்தோம், கறுத்த தூள்தான் வந்தது. சொந்தக்காரரிடம் இந்த இழையைக் காட்டியிருக்கிறேன்.

நாவலடிக் கரை எழுதியது:

வேலை முடிந்தது. கடனுக்கு எபொக்சி வாங்கினோம். பலகையை ஒட்டும்போது கட்டைகளை வைத்துப் போல்ட்டால் இறுக்கினோம். பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடாதபடி, ஓரங்களில் ஒரே சீராக எட்டிப்பார்த்தவுடன் நிறுத்திவிட்டோம். இஞ்சின் துளைகளைப் போல்ட்டின் தடிப்பை விடப் பெரிதாக இட்டு, சிலிக்காத் தூள் கலந்த எபொக்சியால் நிரப்பி, அது இறுகியபின் நடுவில் சரியான அளவுக்குத் துளைத்தோம். இப்போது போல்ட் எந்த இடத்திலும் மரத்தைத் தொடவில்லை. எபொக்சி வெயிலில் பழுதாகும் என்பதால் மேலே இரண்டு பாகப் பெயின்ட் அடித்தோம்.

நேற்று அதிகாலை முகத்துவாரத்துக்கு வெளியே ஓடிப் பார்த்தோம். இஞ்சினை முழு வேகத்தில் விட்டு, அப்பா பின்பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்தபோது ஏழு பேராகக் கரையில் ஏற்றினோம்.

மாளிகைக்காட்டு ஓடாவி எழுதியது:

மனம் நிறைந்தது, தம்பி. பத்துத் தடவை கடலுக்குப் போய்வந்தபின் இஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றி, துளைக்குள் விளக்கடித்துப் பார்த்து, புதிதாக அடைப்புப் பசை வைத்து முடுக்குங்கள். மாரிக்குக் கரையில் ஏற்றும்போது அணியத்தை ஒரு முழம் உயர்த்தி வைத்து, பின்பலகையின் அடியிலுள்ள வடிதுளைத் தக்கையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த வடிதுளையின் உள்விளிம்பையும் எபொக்சியால் அடைத்தீர்களா?

நாவலடிக் கரை எழுதியது:

இல்லை, ஓடாவியார். அதை மறந்துவிட்டோம். இன்று மாலையே போட்டைத் திருப்பி அதைத் துளைத்து நிரப்புகிறேன்.